ஜாய்சி ருசி பார்த்த ஒயின்கள்

பாளையங்கோட்டை,
ஜனவரி 18, 2024

ஜாய்சிக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் எழுதச் சொல் என்று உன் தம்பி ரெக்சனிடம் நீ சொல்லியனுப்பியது நியாயம்தான். அதனால் எழுதுகிறேன். கோர்ட்டில் நம் விவாகரத்து முடிந்து இரண்டு வருடமாகப் போகிறது. பழையதைக் கிளறுவதற்காக அல்ல. ஓர் உதவி கேட்பதற்காக.

கப்பலை விட்டு இறங்கிவிட்டேன் என்று கேள்விப்பட்டிருப்பாய். நானாக இறங்கவில்லை. அந்தத் தொற்றுக் காய்ச்சலோடு போன என் மோப்பம் திரும்பி வரவில்லை. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு நாக்குக்குத் தெரிகிறது. அதற்கு மேல் எல்லாம் வெந்நீர்தான். கப்பல் விருந்து மண்டபத்தில் ஒயின் தேர்ந்தெடுத்துப் பரிமாறுகிறவனுக்கு இது கண் போன மாதிரி. கொஞ்ச காலம் சமாளித்துப் பார்த்தேன். பிறகு கம்பெனி டாக்டர் கண்டுபிடித்துவிட்டார்.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. கொச்சியில் ஓட்டல்கள் நடத்தும் ஒரு கம்பெனியில் கொள்முதல் பார்க்கிறவர் குமரகுருபரன். ஸ்ரீவைகுண்டத்துக்காரர். வெவ்வேறு வட்டாரங்களிலிருந்து, பெயருக்காக விலை ஏறாத, கொடுத்த காசுக்கு மேலேயே தருகிற சிவப்பு ஒயின்களைத் தேர்ந்தெடுத்துத் தரச் சொல்கிறார். ஒவ்வொன்றுக்கும் விருந்தாளி படிக்கிற மாதிரி நாலு வரி எழுத வேண்டும். பட்டியல் பிடித்தால் அங்கேயே ஆலோசகர் வேலை.

எந்த ஊரில் எது நல்லது என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் இப்போது கடையில் நிற்கிற குப்பி எப்படி இருக்கிறது என்று பழைய ஞாபகத்தை வைத்து எழுத முடியாது. இங்கே அவை கிடைக்காது. கிடைத்தாலும் வைக்க இடமில்லை. நான் குடியிருப்பது மஹ்மூதா பீவி என்பவர் வீட்டு மாடியில். வீட்டுக்குள் குப்பி வரக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அபர்தீனில் உன் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டிலேயே இவை எல்லாம் கிடைக்கும். நான் பெயர் எழுதுகிறேன், முதலாவது போர்ச்சுகலின் அலென்தெஜு. நீ வாங்கி, ஒரு மடக்குக் குடித்து, உனக்கு என்ன தெரிகிறதோ அதை எழுது. லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்துக் கடிதத்தோடு வை. செலவை ரெக்சனிடம் கொடுத்துவிடுகிறேன்.

உன்னை ஏன் கேட்கிறேன் என்று தோன்றும். உன் அப்பா குடித்த குடியில் உனக்குக் குப்பியைக் கண்டாலே ஆகாது. என் வேலையையும் நீ மதித்ததில்லை. ஆகவே எதையும் எனக்காகப் புகழ்ந்து எழுத மாட்டாய்.

மெர்வின்


அபர்தீன்,
பிப்ரவரி 11, 2024

மெர்வின் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் மூக்குக்கு வருகிறேன். காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தீர்களா என்று எழுதவில்லை. பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கிராம்பு, எலுமிச்சைத் தோல், யூக்கலிப்டஸ் தைலம், பன்னீர் இவற்றை ஒவ்வொன்றாகக் காலையும் மாலையும் முகருங்கள். முகரும்போது அது எப்படி மணக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் செய்தால் சிலருக்குத் திரும்புகிறது. என் வார்டில் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டதைச் செய்கிறேன், இரண்டு நிபந்தனையோடு. என் வாழ்க்கையைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது. கொச்சிக்காரர்களிடம் உங்களுக்கு மணம் தெரியாது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

போர்ச்சுகல், அலென்தெஜு வட்டாரத்துக் குப்பியை வாங்கினேன். திருகு மூடி என்பதால் பிழைத்தேன். கடைக்காரப் பெண் என்னைத் தெரிந்தவள். வாரா வாரம் பாலும் ரொட்டியும் வாங்குகிறவள் கையில் இது இருப்பதைப் பார்த்துவிட்டு விருந்தா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நிறம், நவ்வாப்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு. இனிக்கும் என்று நினைத்தேன், இனிக்கவில்லை. முதலில் நன்றாகப் பழுத்த பழம், வெயிலில் கிடந்து சூடான பழம். விழுங்கிய பிறகு கொட்டைப்பாக்கு கடித்த மாதிரி கன்னத்தின் உட்புறத்தைப் பிடித்தது. கடைசியில் வெகுநாள் திறக்காத மரப்பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாசனை கொஞ்சம். கெட்டதாக இல்லை.

ஒரு மடக்குதான். மீதியைத் தொட்டியில் கொட்டிவிட்டேன். அப்பாவின் குப்பிகளைக் கொட்டிக் கொட்டிக் கை பழகியிருக்கிறது.

ஜாய்சி


பாளையங்கோட்டை,
மார்ச் 6, 2024

ஜாய்சிக்கு,

உன் கடிதத்தை வாசித்தபோது அந்த ஒயின் எனக்குத் தெரிந்தது. இதைவிட என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அலென்தெஜு நாங்குநேரிப் பக்கம் மாதிரி. அகலமான பூமி, கொளுத்துகிற வெயில், மரம் அங்கொன்று இங்கொன்று. பழம் தானாகப் பழுத்துவிடும், நிலத்துக்குப் பெரிய விலை இல்லை, பெயரும் அவ்வளவு பரவவில்லை. அதனால்தான் குறைந்த காசுக்கே நல்லது வருகிறது. பிரான்சில் பெயர்போன ஊர் ஒயினுக்குக் கொடுப்பதில் பாதி, லேபிளுக்குக் கொடுப்பது. இதைப் பட்டியலின் முதல் வரியாகவே எழுதப் போகிறேன்.

அடுத்து இரண்டு. ஸ்பெயினில் கலாதாயூத் என்ற மேட்டு நிலம். அங்கே கார்னாச்சா என்ற திராட்சை, வயதான கொடியில் காய்த்ததாகப் பார். இன்னொன்று சிலி நாட்டுக் கார்மெனேர். பிரான்சிலிருந்து போன கொடி அது. நூறு வருடத்துக்கும் மேலாக வேறொரு திராட்சை என்று நினைத்தே வளர்த்திருக்கிறார்கள். பிறகுதான் யாரோ இலையைப் பார்த்து அடையாளம் சொன்னார்கள். அரை மணி நேரம் முன்னால் திறந்து வை. ஒரு மடக்கோடு நிறுத்தாமல் சாப்பாட்டோடு கொஞ்சம் குடித்துப் பார்.

காலையும் மாலையும் முகர்கிறேன். கிராம்பு, ஆணியை முகர்கிற மாதிரி இருக்கிறது. நான் மொட்டைமாடியில் கிராம்பை மூக்கில் வைத்துக்கொண்டு நிற்பதை மஹ்மூதா பீவி பார்த்துவிட்டார். 'எய்யா, மூக்குக்கு ஓதிப் பார்க்கணும்னா சொல்லு, நான் கூட்டிட்டுப் போறேன்' என்றார். பகல் சாப்பாட்டுக்குப் பிரியாணியும் கொடுத்தனுப்பினார். தெருவே மணந்ததாக மற்றவர்கள் சொன்னார்கள்.

கொச்சியில் பட்டியல் முடிந்ததும் சொல்லிவிடுகிறேன்.

மெர்வின்


அபர்தீன்,
ஏப்ரல் 14, 2024

மெர்வின் அவர்களுக்கு,

பட்டியல் முடிந்ததும் அல்ல, முடிவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். இதைத் திரும்ப எழுத மாட்டேன்.

ஸ்பெயின் குப்பிக்குத் தக்கை. திறக்கிற கருவி என்னிடம் இல்லை. கத்தரிக்கோலால் குத்திப் பார்த்ததில் தக்கை பாதி உடைந்தது. கீழ் மாடியில் பெனோ என்று ஒருவர் இருக்கிறார். பெரியதாழைக்காரர். நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை, சில வாரம் கடல், சில வாரம் கரை. அவரிடம் கேட்டேன். 'இங்கன தாங்க சிஸ்டர், இதைக் கொன்னு போட்டுருக்கீங்க' என்று வாங்கி, பைய எடுத்துக் கொடுத்தார். நான் குடிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவாரோ என்று, விஷயத்தை விளக்கி அவருக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினேன்.

கார்னாச்சா லேசானது. சிவந்த செர்ரிப் பழம், அதன் மேல் வால்மிளகைத் தட்டித் தூவியது போல ஒரு காரம். பாக்குத் துவர்ப்பு குறைவு. இதுவரை குடித்ததில் இதுதான் எனக்குப் பிடித்தது.

கார்மெனேர் குழப்பியது. பச்சையாக ஒரு வாடை. பச்சை மிளகாய்க் காம்பைக் கிள்ளினால் வருவது என்று நினைத்தேன். பெனோ, 'குடமிளகாய் வதக்கும்போது வருதுல்லா, அது' என்றார். அவர் சொன்னதுதான் சரி. சாப்பாட்டோடு பார்க்கச் சொன்னீர்கள். அயிலை மீன் குழம்போடு குடித்தால் வாயில் செப்புக்காசு வைத்த மாதிரி ஆகிவிட்டது. மிளகு போட்ட ஆட்டுக்கறியோடு நன்றாக இருந்தது. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று எழுதிவிடுங்கள்.

லேபிள் இரண்டும் உள்ளே. ஒன்று கிழிந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜாய்சி


பாளையங்கோட்டை,
மே 20, 2024

அன்புள்ள ஜாய்சி,

முதல் மூன்றையும் கொச்சிக்கு அனுப்பினேன். குமரகுருபரன் போன் செய்தார். சுத்த சைவம், காப்பிக்கு மேல் எதுவும் தொடாதவர். 'இது ஒயினைப் படிச்சவன் எழுத்து மாதிரி இல்ல வே, சாப்புடுதவன் எழுதுன மாதிரில்லா இருக்கு' என்றார். செப்புக்காசு வரியை முதலாளி இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாராம். அந்தப் புகழ் உன்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்வதற்குள் போன் துண்டித்துப் போய்விட்டது.

அடுத்த மூன்று: இத்தாலியின் தெற்கில் பூலியா வட்டாரத்துப் பிரிமிதீவோ. பிரான்சின் தெற்கே கோர்பியேர். தென்னாப்பிரிக்காவின் பினோட்டாஜ், ஸ்வார்ட்லாண்ட் என்று போட்டிருந்தால் நல்லது. இந்த மூன்றிலும் மலிவானதை எடுக்காதே, அதற்கு அடுத்த படியை எடு. மலிவான பினோட்டாஜ் எரிந்த ரப்பர் மாதிரி இருக்கும்.

திறந்த குப்பி, மூடி குளிர்ப்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். இதை எழுதும்போதுதான் கவனித்தேன், போன கடிதத்தில் மீதியைக் கொட்டியதாக நீ எழுதவில்லை. கேட்கக் கூடாது என்றாய். கேட்கவில்லை.

இங்கே கோடை மழை. ஆற்றில் தண்ணீர் கலங்கிச் செந்நிறமாக ஓடுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

மெர்வின்


அபர்தீன்,
ஜூலை 7, 2024

மெர்வினுக்கு,

பூலியா ஒயின் கருப்பட்டிப் பாகில் பேரீச்சையை ஊறப்போட்ட மாதிரி. ஒயின் பழகாதவர்களுக்கு முதலில் இதைக் கொடுக்கலாம். நான் இரண்டாவது கிளாஸ் குடிக்க மாட்டேன். கோர்பியேரில் பழம் பின்னால் நிற்கிறது. முன்னால் காய்ந்த மூலிகை. ஓமமும் துளசியும் சருகாகி வெயிலில் கிடந்தால் எப்படியோ அப்படி. முதலில் பிடிக்கவில்லை, சாப்பிட்டு முடிக்கும்போது அதுதான் பிடித்தது. பினோட்டாஜில் புகை, சுட்ட பனங்கிழங்கின் தோலில் இருக்கிற புகை. ரப்பர் இல்லை.

நீங்கள் கேட்காததற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மீதியைக் கொட்டவில்லை. பெனோவும் நானும் குடித்தோம். அவர் கரையில் இருக்கிற வாரங்களில் இந்தக் குப்பிகளைத் திறக்கிறேன். அவருக்கு மனைவி இறந்து சில வருடமாகிறது. கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றிருக்கிறோம்.

கோர்ட்டில் பிரிந்தாலும் கத்தோலிக்கக் கோயில் சட்டப்படி நாம் இன்னும் கணவன் மனைவிதான். பெனோ கோயிலில் கட்டாமல் சேர்ந்து இருக்க மாட்டார், நானும் மாட்டேன். ஆகவே தூத்துக்குடி ஆயர் இல்லத்துத் தீர்ப்பாயத்துக்கு, நம் திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். சேர்ந்து வாழும் எண்ணத்தோடு அது நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். கட்டின வருடங்களில் நீங்கள் கரையில் இருந்ததைக் கூட்டினால் எவ்வளவு வரும் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளை வயிற்றிலேயே போனபோது நீங்கள் பிரேசில் பக்கம் இருந்தீர்கள். இறங்கி வரச் சொன்னேன். ஒப்பந்தம் முடியட்டும் என்றீர்கள். இதைக் கோபத்தில் எழுதவில்லை. மனுவில் எழுதியதை உங்களுக்குத் தெரியாமல் வைத்திருக்க விருப்பமில்லை.

உங்களுக்கு நோட்டீஸ் வரும். நீங்கள் எதிர்த்தால் வெகுகாலம் இழுக்கும்.

ஜாய்சி


பாளையங்கோட்டை,
ஆகஸ்ட் 19, 2024

ஜாய்சிக்கு,

மூன்று ஒயினையும் பற்றி எழுதியது கிடைத்தது. கோர்பியேர் பற்றியது நன்றாக இருக்கிறது. கடைசியாக அர்ஜென்டினா, மெந்தோசா வட்டாரத்து மால்பெக் ஒன்று பார்த்துவிடு. மலையடிவாரத்தில் உயரத்தில் விளைவது. அத்தோடு பட்டியல் போதும்.

ஆயர் இல்லத்து நோட்டீஸும் கிடைத்தது.

மெர்வின்


அபர்தீன்,
செப்டம்பர் 22, 2024

மெர்வினுக்கு,

மால்பெக் கரும் ஊதா நிறம். நவ்வாப்பழமேதான், கூட ஏதோ ஒரு பூ. துவர்ப்பு இருக்கிறது, ஆனால் உரசவில்லை, பட்டுத் துணியை நாக்கில் வைத்த மாதிரி. எல்லோருக்கும் பிடிக்கும். எல்லோருக்கும் பிடிக்கும் என்பதாலேயே எனக்கு ஸ்பெயின் ஒயின்தான் மேல்.

நோட்டீஸ் கிடைத்தது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். சரி என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை. கப்பலில் இருந்தபோதும் உங்கள் கடிதங்கள் இப்படித்தான் வரும். எந்தத் துறைமுகம், என்ன மழை, அடுத்து எங்கே. நான் கேட்டது மட்டும் அதில் இருக்காது. பெனோ தினமும் தபால் வந்ததா என்று கேட்பதில்லை. நான்தான் கீழே போய்ப் பார்க்கிறேன்.

ஜாய்சி


பாளையங்கோட்டை,
நவம்பர் 28, 2024

அன்புள்ள ஜாய்சி,

இரண்டு ஊருக்குப் போய்வந்தேன். முடிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன், அதனால் தாமதம்.

முதலில் கொச்சி. பட்டியலில் உள்ள ஒயின்களை வரவழைத்து, முதலாளி, தலைமைச் சமையல்காரர், இன்னும் சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் முதலில் ருசி பார்த்துச் சரி சொல்ல வேண்டும். நிறத்தையும் துவர்ப்பையும் வைத்து முதல் சிலவற்றைக் கடந்துவிட்டேன். அடுத்து கார்னாச்சா. நன்றாக இருக்கிறது, ஊற்றலாம் என்றேன். ஊற்றினார்கள். ஒவ்வொருவராகக் கிளாஸைக் கீழே வைத்தார்கள். தக்கை கெட்ட குப்பி. நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும், வாசலிலேயே தெரிந்துவிடும். கற்றுக்கொள்கிறவன்கூட விடமாட்டான். சமையல்காரர் எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

குமரகுருபரன் என்னை வெளியே கூட்டிப்போனார்.

"நெசத்தைச் சொல்லும் வே. உமக்கு மணம் தெரியுதா, தெரியலையா?"

"தெரியல."

"அப்போ இம்புட்டும் எழுதுனது யாரு?"

"என் வீட்டுக்காரி."

வாயில் அதுதான் வந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. தன் முகத்தைத்தான் துடைத்துக்கொண்டார். என்னைச் சிபாரிசு செய்தது அவர்தானே. ஆலோசகர் வேலை இல்லை என்று அன்றைக்கே ஆகிவிட்டது. நீ இரண்டு தரம் எச்சரித்திருந்தாய்.

அடுத்த வாரம் தூத்துக்குடி ஆயர் இல்லம். விசாரித்த சாமி இளவயதுக்காரர், மரியாதையாகப் பேசினார். உன் மனுவை முழுதும் வாசித்துக் காட்டினார். எழுத்தில் பார்ப்பது வேறு, இன்னொருவர் வாயால் கேட்பது வேறு. எதிர்க்க உங்களுக்கு உரிமை உண்டு என்றார்.

"எதிர்க்கல சாமி. அவ எழுதினதுல பொய் எதுவும் இல்ல" என்றேன்.

இப்போது உங்களுக்குள் பேச்சு ஏதாவது உண்டா என்று கேட்டார். கடிதம் உண்டு என்றேன். எதைப் பற்றி என்றார். ஒயினைப் பற்றி என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். திரும்பும்போது பேருந்தில் கூட்டமில்லை. வல்லநாடு தாண்டுகிற வரை எனக்கு எதுவும் தோன்றவில்லை. பிறகு தோன்றியதை எழுத வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு நல்ல செய்தி. கொச்சியில் பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டார்கள், உன் பெயரைப் போட்டே அச்சடிக்கிறார்கள். அடுத்து வெள்ளை ஒயின்களுக்கும் உன்னையே எழுதச் சொல்லிக் கேட்கிறார்கள். உன் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். அவர்களே உனக்கு எழுதுவார்கள், சம்பளமும் நேரே வரும். நடுவில் நான் தேவையில்லை.

நான் தூத்துக்குடியில் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றுகிற ஒரு கம்பெனியில் சேருகிறேன். அரிசி, கயிறு, பெயின்ட். இவற்றை முகர்ந்து பார்க்கச் சொல்லமாட்டார்கள். மஹ்மூதா பீவிக்கு நான் வீட்டைக் காலி செய்வதில் வருத்தம்.

பெனோ உன்னிடம் நன்றாக இருக்கட்டும்.

மெர்வின்


அபர்தீன்,
மார்ச் 30, 2025

அன்புள்ள மெர்வின்,

பாளையங்கோட்டையில் இருக்க மாட்டீர்கள் என்பதால் ரெக்சனிடம் தூத்துக்குடி விலாசம் வாங்கி எழுதுகிறேன்.

தீர்ப்பு வந்துவிட்டது. உங்களுக்கும் வந்திருக்கும். உயிர்ப்புப் பெருவிழா முடிந்ததும் இங்கே சின்னக் கோயிலில் கல்யாணம், ஆள் அதிகம் இல்லை. நீங்கள் தூத்துக்குடியில் சொன்னதற்கு நன்றி. உங்களால் அதை இழுத்துப்போட முடிந்திருக்கும்.

கொச்சியிலிருந்து மரியாதையான கடிதம் வந்தது. வேலையை ஒத்துக்கொண்டு, முதலில் ஒரு வெள்ளை ஒயின் வாங்கினேன். போர்ச்சுகலின் வடக்கே விளைவது, லேசாக நுரைக்கும். குடித்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். புளிப்பு என்று எழுதினேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இன்னொரு நாள் வேறொரு குப்பி. அதற்கும் அப்படித்தான். ஓட்டல் விருந்தாளிகள் தாங்களே குடித்துப் பார்த்துக்கொள்வார்கள், அவர்களுக்கு நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. அந்தச் சிவப்பு ஒயின்களை ஒவ்வொரு மடக்காக வாயில் வைத்துக்கொண்டு, இதை எப்படி உங்களுக்குத் தெரியவைப்பது என்று நான் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடியாது என்று கொச்சிக்கு எழுதிவிட்டேன்.

கட்டின காலத்தில் நான் உங்களுக்கு எழுதிய கடிதங்களைவிடப் போன வருடத்துக் கடிதங்கள் நீளம். நீங்களும் நான் சொன்னதை முழுதாகக் கேட்டது போன வருடம்தான். இதைப் பெனோவிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு அவர், 'அவருக்கு எழுதிரு, சொல்லாம வச்சிருக்காத' என்றார். நல்ல மனிதர். அவரோடு நன்றாக இருப்பேன்.

மூக்குப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். புதுத் தைலம் வாங்கிக்கொள்ளுங்கள், பழையது வீரியம் போயிருக்கும்.

இதற்குப் பதில் போட வேண்டாம். போட்டால் நானும் போடுவேன்.

ஜாய்சி